மணல் தீடைகளைக் கண்டு வந்தோம்

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை என்று பாலாற்றுப் படுகை ஊர்களில் வாழும் நமக்கு மணல் புதிதன்று. ஆற்றில் நீரைக் கண்ட நாள்களைவிட மணலைக் கண்ட நாள்களே நமக்கு மிகுதி. முழங்கையளவு தோண்டினால் ஊற்று சுரந்த காலத்தை முதியோர் இன்னும் சொல்லக் கேட்கிறோம். அந்த மணலில் பெரும்பகுதி இன்று பெருநகரக் கட்டடங்களுக்குள் போய்ச் சேர்ந்துவிட்டது. எஞ்சிய மணலுக்கு அடியிலுள்ள நீரோ தோல் பதனிடும் தொழிலின் கழிவால் உப்பேறிக் கிடக்கிறது. இதைப் பற்றி உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28-ஆம் நாள் ஒரு முறையும், 2025 ஜனவரி 30-ஆம் நாள் மறுமுறையும் தீர்ப்புரைத்ததை வாசகர்கள் அறிவர். அவ்வழக்கை இங்கே விரிக்கப் போவதில்லை. மணல் என்பது ஒரே இடத்தில் கிடப்பதன்று, வந்துகொண்டும் போய்க்கொண்டும் இருப்பது என்பதைப் பட்டறிவால் அறிந்தவர்கள் நாம் என்பதற்காகவே இதைக் குறிப்பிட்டேன்.

இதே பாலாறு கல்பாக்கத்திற்குத் தெற்கே வாயலூர் அருகில் கடலைத் தொடுகிறது. அங்கே கடல் அலை கொணர்ந்து குவிக்கும் மணல், ஆற்றின் வாயை ஆண்டின் பெரும்பகுதி அடைத்து நிற்கும். 2021 நவம்பரில் வந்ததைப் போன்ற பெருவெள்ளம் வந்தால் உடையும். வெள்ளம் வடிந்ததும் மீண்டும் சேரும். ஆறு, கடல் இரண்டின் கையிலும் மணல் எவ்வாறு ஆடுகிறது என்பதை அங்கே சிறிய அளவில் காணலாம். பெரிய அளவில் காண வேண்டுமாயின் இராமநாதபுரக் கடலுக்கே செல்ல வேண்டும்.

அக்கடலோர மக்கள் கடலின் நடுவே தலைகாட்டும் மணல் திட்டைத் தீடை என்பர். நம் பக்கத்து மக்களுக்கு இச்சொல் புதிது. கச்சத்தீவுப் புனித அந்தோனியார் திருவிழாவுக்குப் படகேறிச் சென்றவர்கள் வாசகர்களில் சிலர் இருக்கக்கூடும். கச்சத்தீவு செடி கொடிகளும் ஆலயமும் உடைய தீவு. தீடைக்கு அத்தகைய நிலைபேறு கிடையாது. குடிநீர் இல்லை, நிழல் இல்லை. பல தீடைகளில் ஒரு செடிகூட இல்லை. சுற்றிலும் கணுக்காலளவு, முழங்காலளவு நீர். சென்ற ஆண்டு இருந்த இடத்தில் இந்த ஆண்டு இருக்கும் என்ற உறுதியும் இல்லை. இத்தகைய ஒன்றைக் காண்பதற்காக இவ்வளவு தொலைவு போவானேன் என்று எங்கள் பங்கில் கேட்டவர்களும் உண்டு. ஆயினும் சென்ற தை மாதத்தில் ஏழு குடும்பத்தார் சேர்ந்து ஒரு வேனை அமர்த்திக்கொண்டு புறப்பட்டோம். ஷூ கம்பெனியில் வேலை செய்யும் பெண்கள் நால்வர், தோல் வியாபாரி ஒருவர், பள்ளிப் பிள்ளைகள் பலர், ஓய்வு பெற்ற ஆசிரியனாகிய யான், எங்கள் பள்ளியின் அருட்சகோதரி ஒருவர் என்று வேன் நிறைந்திருந்தது.

இரவெல்லாம் பயணம். திருவண்ணாமலை, விழுப்புரம், திருச்சி கடந்ததைத் தூக்கத்தில் உணர்ந்தோம், இராமநாதபுரத்தில் விடிந்தது.

ஏர்வாடிக்கு அருகே பிச்சைமூப்பன்வலசை என்னும் சிற்றூர் இருக்கிறது. வனத்துறையும் ஊராரும் சேர்ந்து அங்கே பயணிகளுக்குப் படகு விடுகின்றனர். உயிர்காப்பு மேலாடையை ஒவ்வொருவருக்கும் மாட்டி, வாரை இழுத்துப் பார்த்த பிறகே படகில் ஏற்றுகிறார்கள். படகோட்டி அவ்வூர் மீனவர். கரையை விட்டுப் புறப்பட்டுக் காற்பங்கு நாழிகை ஆகியிருக்கும். எட்டிப் பார்த்தால் தரை தெரிகிறது. ஆழமான இடத்திற்கு வந்துவிட்டோம் என்று எண்ணி எம் குழுவின் பெண்கள் செபமாலையைக் கையில் எடுத்த இடத்தில், படகோட்டி மூங்கில் கழியை ஊன்றிக் காட்டினார். இடுப்பளவு நீர்!

நீருக்கடியில் பச்சைப் புல்வெளி. இது பாசி அன்று; வேரும் தண்டும் பூவும் உடைய தாவரம். கடற்புல் என்பர், மீனவர் தாழை என்றும் சொல்கின்றனர். ஆவுளியா எனப்படும் கடற்பசு மேய்வது இதைத்தான். அருகிவரும் அவ்வுயிருக்காகத் தமிழக அரசு 2022 செப்டம்பரில் பாக்கு விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பைப் பாதுகாப்பகமாக அறிவித்தது. எங்கள் கண்ணுக்கு ஆவுளியா எதுவும் படவில்லை. அது எளிதில் படுவதும் இல்லை. ஆனால் இந்தப் புல் செய்யும் மற்றொரு வேலையைப் படகோட்டி சொன்னார். அலை கொண்டுவரும் மணலைப் புல்லின் தாள்கள் தடுத்து நிறுத்துகின்றன. வேர்கள் அதைப் பிடித்து வைக்கின்றன. நம் ஊரில் கரை அரிக்காமல் இருக்கக் கோரையையும் நாணலையும் விட்டுவைப்பது போலத்தான்.

சற்று நேரத்தில் நீர் வெளிறி, பச்சை மறைந்து, பால் கலந்தாற்போன்ற நிறம் வந்தது. அதற்கப்பால் வெண்மையாக ஒரு கோடு. அருகே போகப் போக அக்கோடு ஒரு வளைந்த மணல்மேடாயிற்று. படகு தரை தட்டி நின்றது. ஏணி இல்லை, துறை இல்லை. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நீரில் இறங்கி நடந்து ஏறினோம்.

அந்த மணலைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். கைநிறைய அள்ளிப் பார்த்தால், பாலாற்று மணலைப் போலப் பளபளக்கும் கற்பொடி அதில் குறைவு. சிப்பிச் சில்லுகள், சங்கின் உடைந்த முனைகள், பவளத்தின் துணுக்குகள், கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாததுமான நுண்ணுயிர்களின் ஓடுகள் ஆகியவையே மிகுதி. பாலாற்று மணல் மலை உடைந்து வந்தது. தீடையின் மணலில் பெரும்பகுதி உயிர்களின் உடலிலிருந்து வந்தது. கிளிமீன் என்றொரு மீன் உண்டு. கிளியின் அலகு போன்ற வாயால் பவளப் பாறையைச் சுரண்டித் தின்று, சுண்ணாம்பைப் பொடியாக்கிக் கழித்துவிடும். ஒரு மீன் ஓராண்டில் கழிக்கும் மணல் கூடைக்கணக்கில் சேரும். இதைக் கேட்டதும் கையில் மணலை வைத்திருந்த சிறுமி ஒருத்தி அதைச் சட்டென்று கீழே போட்டுவிட்டாள். சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆயிற்று.

தீடையில் எங்களுக்கு முன்பே குடியிருந்தவை இரண்டு: மணலில் வளைதோண்டும் நண்டுகளும், ஆலாப் பறவைகளும். வேறு உயிரில்லை. பிள்ளைகள் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஓடினர். ஓடி முடிக்க அதிக நேரம் ஆகவில்லை. எப்போதும் ஷூ கம்பெனியின் மணிக்குக் கட்டுப்பட்டு வாழும் பெண்கள் முழங்காலளவு நீரில் புடவையோடு அமர்ந்து, நகராமல் இருந்தனர். அலை இல்லை. ஏரியில் அமர்ந்திருப்பது போலிருந்தது. “அக்கா, இப்படியே சம்பளம் கொடுத்தால் தேவலை” என்று ஒருத்தி சொல்ல, மற்றொருத்தி, “ஓவர்டைமும் போடலாம்” என்றாள்.

“இது எப்போதும் இங்கேயேதான் இருக்குமா?” என்று படகோட்டியை வினவினேன்.

“இல்லீங்கய்யா. கச்சான் காத்து அடிக்கிற ஆடி மாசத்திலே வந்தீங்கன்னா இது வேற மாதிரி இருக்கும். இந்தத் தலை தேயும், அந்த வால் நீளும். சில வருசம் தண்ணிக்குள்ளேயே கிடக்கும்” என்றார் அவர்.

கச்சான் என்பது தென்மேற்கிலிருந்து வீசும் காற்று. வாடை வடகிழக்கிலிருந்து வருவது. இவ்விரு காற்றும் நீரோட்டத்தை ஆண்டுக்கு இரு முறை திருப்பிவிடுகின்றன. ஒன்று கொண்டுபோன மணலை மற்றொன்று கொண்டுவருகிறது. வரவும் செலவும் சமமாய் இருக்கும்வரை தீடை நிற்கும். வரவு குறைந்தாலோ, மறைப்பு நீங்கினாலோ கரைந்துபோகும். அந்த மறைப்புத்தான் பவளப் பாறை. கடலுக்கு வெளியே எழாமல் நீர்மட்டத்திற்குக் கீழே நின்று அலையின் வேகத்தை உடைப்பது அதுவே.

மன்னார் வளைகுடாவில் தூத்துக்குடி முதல் இராமேசுவரம் வரை 21 சிறு தீவுகள் வரிசையாக உள்ளன. பவளப் பாறையின் தோளில் மணல் ஏறி உண்டான தீவுகள் இவை. 1986-இல் இவற்றைச் சுற்றிய 560 சதுர கிலோமீட்டர் கடல், தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. 21 என்று நூல்கள் எழுதுகின்றன. ஆனால் கண்ணுக்குத் தெரிவது 19 தான். தூத்துக்குடிப் பக்கத்து விலங்குச்சல்லியும், கீழக்கரைப் பக்கத்துப் பூவரசன்பட்டியும் நீரில் மூழ்கிப்போயின. காரணம் கடலின் சீற்றம் மட்டுமன்று. பல பத்தாண்டுகள் பவளப் பாறையை வெட்டியெடுத்துப் படகு படகாகக் கரைக்குக் கொண்டுபோய், காளவாயில் சுட்டுச் சுண்ணாம்பாக்கினர். சுவர் எழுப்பவும் பயன்படுத்தினர். சுண்ணாம்பின் தேவை எவ்வளவு என்பதைத் தோல் ஊறும் சுண்ணாம்புத் தொட்டிகளைப் பார்த்து வளர்ந்த நமக்கு எவரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. 2001-இல் பவளங்கள் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன; அதன்பின் வெட்டுவது படிப்படியாக நின்றது. அதற்குள் இரு தீவுகள் போய்விட்டன. தூத்துக்குடி அருகிலுள்ள வான் தீவும் கரைந்துபோகும் நிலைக்கு வந்தது. அதைக் காக்க, கடலடியில் ஆயிரக்கணக்கான கான்கிரீட் அமைப்புகளை இறக்கிச் செயற்கைப் பாறை வரிசை கட்டினார்கள். வெட்டியதற்குச் செலவானதைவிடக் கட்டுவதற்கு ஆகும் செலவு பன்மடங்கு என்பதை நம் தோல் வியாபாரி படகிலேயே மனக்கணக்காகப் போட்டுக் காட்டினார். கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்களுக்குப் பங்குத்தொகை கட்டிய அனுபவம் அவருக்கு உண்டு.

பாறையை வெட்டுவது நின்றாலும் வேறோர் இடர் வந்திருக்கிறது. கடல்நீர் சூடேறும் ஆண்டுகளில் பவளம் வெளுத்துச் சாகிறது. 1998-இலும் 2016-இலும் இவ்வாறு பெருமளவில் நேர்ந்தது. செத்த பவளம் சில காலம் மணலாகிக் கொடுக்கும். பிறகு கொடுக்க ஒன்றும் இராது.

மறுநாள் பாம்பனுக்கு அருகிலுள்ள குந்துகாலிலிருந்து குருசடைத் தீவுக்குப் படகில் சென்றோம். பெயரைக் கேட்டதுமே பிள்ளைகள் “குருசு” என்று பிடித்துக்கொண்டனர். கடலுயிர் ஆராய்வோருக்கு இத்தீவு ஒரு பள்ளிக்கூடம். இதன் கரையோர உயிர்களைப் பற்றி மட்டுமே சென்னை அருங்காட்சியகம் 1927-இல் ஒரு தனி நூல் வெளியிட்டது. முதுகெலும்புள்ள உயிர்களுக்கும் இல்லாதவற்றுக்கும் இடைப்பட்ட இனமென்று கருதப்பட்ட பாலனோகுளோசஸ் என்னும் புழுவைக் காண்பதற்காகக் கல்லூரி மாணவர்கள் தலைமுறை தலைமுறையாக இங்கு வந்திருக்கின்றனர். எங்கள் அருட்சகோதரியும் மாணவப் பருவத்தில் அதைப் புத்தகத்தில் படம் வரைந்து மதிப்பெண் வாங்கியவர். அது வாழும் மணலில் நின்றபோது அவருக்கிருந்த மகிழ்ச்சியை எங்களில் பாதிப்பேர் புரிந்துகொள்ளவில்லை.

ஒன்றை மட்டும் சொல்லாமல் விட மனமில்லை. பாம்பன், சின்னப்பாலம் ஊர்களின் பெண்கள் தலைமுறைகளாக இத்தீவுகளைச் சுற்றிலும் கடற்பாசி எடுத்துப் பிழைத்தவர்கள். கண்ணில் கண்ணாடியும், காலில் தகரத் தகடோ ரப்பர் செருப்போ கட்டி, விரல்களில் துணி சுற்றி, மூச்சடக்கி மூழ்கிப் பாசி பறிப்பார்கள். பூங்கா அறிவிப்புக்குப் பின் அவர்கள் தீவுகளை அணுகுவது குற்றமாயிற்று. கடலைக் காக்க வேண்டும் என்பதில் ஐயமில்லை. அந்தப் பெண்களுங்கூடப் பாசி வளர்வதற்காக மாதத்தில் குறிப்பிட்ட நாள்கள் மட்டுமே எடுப்பது என்று தமக்குள் கட்டுப்பாடு வைத்துக்கொண்டார்கள். கட்டணம் செலுத்திய நாம் இறங்கி உலவலாம், அங்கே பிழைத்தவள் தொலைவில் நிற்க வேண்டும் என்னும் ஏற்பாடு எனக்கு உவப்பாக இல்லை. தொழிலும் வேண்டும், தண்ணீரும் வேண்டும் என்ற இழுபறியில் முப்பது ஆண்டுகளாக இருக்கும் நாம் அவர்களுடைய நிலையை மற்றவர்களைவிட எளிதாக உணரக்கூடும்.

அன்று பிற்பகல் தனுஷ்கோடி சென்றோம். 1964 டிசம்பர் 22-ஆம் நாள் இரவு வந்த புயலில் இவ்வூர் அழிந்த வரலாற்றை முதியோர் அறிவர். பாம்பனிலிருந்து வந்த பயணிகள் ரயில் ஊரை நெருங்கும்போதே அலைக்குள் போயிற்று; அதிலிருந்தவர்களில் எவரும் மிஞ்சவில்லை. இடிந்த தேவாலயத்தின் சுவர்கள் இன்றும் நிற்கின்றன. கிட்டப் போய்ப் பார்த்தால் அச்சுவர்கள் பவளக் கல்லால் ஆனவை. கல்லில் பவளத்தின் பூவேலைப்பாடு இன்னும் மறையவில்லை. கடலிலிருந்து எடுத்துக் கட்டியதைக் கடலே இடித்துப் போட்டிருக்கிறது.

2017-இல் திறக்கப்பட்ட சாலையில் வேன் அரிச்சல்முனை வரை போகிறது. முன்பெல்லாம் மணலில் உருண்டு செல்லும் ஜீப்பில்தான் போக வேண்டும். இடப்புறம் பாக்கு நீரிணை, வலப்புறம் மன்னார் வளைகுடா. அமைதியாக இருப்பதைப் பெண்கடல் என்றும், அலை எறிவதை ஆண்கடல் என்றும் அவ்வூரார் சொல்வது வழக்கம். எம் குழுப் பெண்கள் இப்பெயர்களுக்குக் கருத்துரை வழங்கினர். அதை இங்கே எழுதாமல் விடுகிறேன்.

அரிச்சல்முனையில் நிலம் முடிகிறது, மணல் முடியவில்லை. அங்கிருந்து தலைமன்னார் வரை ஏறத்தாழ 30 கிலோமீட்டருக்குத் தீடை தீடையாகத் தொடர்கிறது. இராமர் பாலம் என்றும் ஆதாம் பாலம் என்றும் வழங்குவது இதுதான். 2024-இல் இஸ்ரோ அறிவியலார் செயற்கைக்கோளின் லேசர் ஒளிக்கற்றைகளைக் கொண்டு இதன் கடலடி வடிவத்தை வரைந்து வெளியிட்டனர். அதன்படி இத்திட்டின் மிகப் பெரும்பகுதி ஆழமற்ற நீருக்குள்ளேயே கிடக்கிறது. மேலே தெரியும் தீடைகளுக்குப் பெயர் இல்லை. ஒன்றாம் தீடை, இரண்டாம் தீடை என்று எண்ணித்தான் சொல்கிறார்கள். முதலிலுள்ளவை நம் நாட்டைச் சேர்ந்தவை, அப்பாலுள்ளவை இலங்கையைச் சேர்ந்தவை. இங்கிருந்து பயணிகளுக்குப் படகு கிடையாது. கரையில் நின்று பார்க்க மட்டுமே முடியும். வெயிலில் கண்ணைச் சுருக்கிப் பார்த்தால் நீரின்மேல் ஒரு வெண்கீற்று தெரிகிறது. முதல் நாள் நாங்கள் குழந்தைகளோடு ஓடி விளையாடிய தீடையைப் போன்றதே.

ஆனால் இத்தீடைகளுக்கு வேறு வகைப் பயணிகள் வந்திருக்கின்றனர். 1983 ஜூலைக் கலவரத்திற்குப் பின் இலங்கைத் தமிழர் படகேறி இக்கரைக்கு வரலாயினர். 1987 ஜூலை வரையிலான நான்காண்டுகளில் மட்டும் ஏறத்தாழ 1,34,000 பேர் வந்தனர். 1989-க்குப் பின்னும், 1996-க்குப் பின்னும், 2006-க்குப் பின்னும் அலை அலையாக வந்தனர். நேராகக் கரைக்கு வந்தால் படகு பறிபோகும், ஓட்டியும் பிடிபடுவான். எனவே பல படகோட்டிகள் இருட்டில் தீடையில் ஆட்களை இறக்கிவிட்டுத் திரும்பிவிடுவார்கள். பிறகு அவர்களை மீனவர் கண்டால் உண்டு. கடற்படையோ கடலோரக் காவல் படையோ கண்டால் உண்டு. போர் முடிந்த பின்பும் இது முடிந்துவிடவில்லை. இலங்கையில் விலைவாசி தாங்க முடியாமற்போன 2022-ஆம் ஆண்டு மார்ச் 22-ஆம் நாள், அரிச்சல்முனைக்கு அப்பாலுள்ள நான்காம் தீடையில் ஆறு பேர் தவித்து நிற்கக் கண்டு கடலோரக் காவல் படையினர் மீட்டனர். அவர்களுள் ஒன்று நான்கு மாதக் கைக்குழந்தை. அன்று ஒரு நாளில் மட்டும் 16 பேர் வந்து சேர்ந்தனர்.

இவர்களைப் பற்றி அறிய நாம் இராமேசுவரம் வரை போக வேண்டியதில்லை. வேலூரை அடுத்த மேல்மொணவூரிலும், ஆம்பூரை அடுத்த மின்னூரிலும் இருக்கும் இலங்கைத் தமிழர் முகாம்களை நாம் நாள்தோறும் கடந்து செல்கிறோம். 2021-இல் தமிழக அரசு இவற்றை மறுவாழ்வு முகாம்கள் என்று பெயர் மாற்றி, பழைய குடிசைகளுக்கு மாற்றாக வீடுகள் கட்டும் திட்டத்தை மேல்மொணவூரிலேயே தொடங்கியது. மாநிலம் முழுவதும் நூற்றுக்கு மேற்பட்ட முகாம்களில் ஏறத்தாழ 58,000 பேர் வாழ்கின்றனர். இங்கேயே பிறந்து, இங்கேயே படித்து, இங்கேயே மணந்து பிள்ளை பெற்றவர்களிலும் பெரும்பாலோருக்குக் குடியுரிமை இல்லை. 2019-இல் வந்த குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் இலங்கை சேர்க்கப்படவில்லை.

ஊர் திரும்பிய பின், எனக்கு நெடுநாள் பழக்கமான முகாம் பெரியவர் ஒருவரைக் காணச் சென்றேன். மன்னார்த் தீவிலுள்ள பேசாலை அவருடைய ஊர், கடற்றொழில் செய்தவர். இங்கு வந்து கட்டடங்களுக்குச் சுண்ணாம்படித்துப் பிள்ளைகளை ஆளாக்கினார். தீடையைப் பார்த்து வந்ததைச் சொன்னதும் சிறிது நேரம் பேசாதிருந்தார். பிறகு 1990 ஜூலையில் தாம் வந்த கதையைச் சொன்னார். இத்தனை ஆண்டுப் பழக்கத்தில் அதை அவர் என்னிடம் சொன்னது அதுவே முதல் முறை.

“நாங்கள் பதினொரு பேர், மாஸ்டர். என்ரை மனுசி, மூண்டு பிள்ளையள், அம்மா, மற்றது அயலட்டைச் சனம். இரவிலை வெளிக்கிட்டம். விடியமுன்னம் ஓட்டி மெசினை நிப்பாட்டிப்போட்டு, ‘இந்தியா வந்திட்டுது, இறங்குங்கோ’ எண்டான். இறங்கினா முழங்கால் தண்ணி. மணல் தட்டுப்பட்டுது. அம்மா மண்ணைத் தொட்டுக் கும்பிட்டா. விடியப் பார்த்தா நாலு பக்கமும் கடல்.”

கடற்றொழிலாளியாகிய அவருக்கே அந்த இருட்டில் இடம் பிடிபடவில்லையா என்று கேட்டேன். இறங்கும்போதே ஐயம் எழுந்ததாகவும், ஆனால் படகு திரும்பிவிட்டதாகவும், பிள்ளைகள் முன் அதைச் சொல்லி என்ன ஆகப்போகிறது என்று பேசாமல் இருந்துவிட்டதாகவும் சொன்னார்.

இரண்டு பகல், ஓர் இரவு அங்கே கழிந்தது. கொண்டுவந்த தண்ணீர் முதல் நாள் நண்பகலோடு தீர்ந்தது. நிழலுக்காகச் சேலை ஒன்றை நான்கு பேர் முறை வைத்துப் பிடித்துக்கொண்டு நின்றனர். ஊன்றக் குச்சி இல்லை. அப்பகுதிக் கடலில் ஏற்றத்திற்கும் வற்றத்திற்கும் உள்ள வேறுபாடு ஒரு முழம், ஒன்றரை முழம்தான். கரையில் நிற்பவருக்கு அது ஒரு பொருட்டன்று. ஆனால் தீடையின் உயரமே அவ்வளவுதான். இரவு நீர் ஏற ஏறத் திட்டு சிறுத்துக்கொண்டே வந்தது. பிள்ளைகளை நடுவில் வைத்துப் பெரியவர்கள் சுற்றி நின்றார்களாம். ஆலாக்கள் முட்டையிடும் மாதம் அது. வெறுமணலில் கிடந்த முட்டைகளை உடைத்துக் குடித்தனர். “அதுகள் எங்களுக்கு மேலாலை கத்திக்கொண்டே பறந்துது” என்றார்.

இரண்டாம் நாள் மாலை தங்கச்சிமடத்துப் படகு ஒன்று அவர்களைக் கண்டது. அந்த மீனவர்கள் முதலில் தண்ணீரைக் கொடுக்கவில்லை. நாக்கை நனைக்கும் அளவே துணியில் நனைத்துக் கொடுத்துவிட்டு, சற்றுப் பொறுத்துக் கஞ்சித் தண்ணீர் கொடுத்தார்கள். வறண்ட வயிற்றுக்கு எது ஆகும் என்பதைக் கடலில் உழல்பவர்கள் அறிந்திருந்தனர். கரைக்கு ஏற்றி வந்து, காசு வாங்க மறுத்துவிட்டனர். அங்கிருந்து மண்டபம் முகாம். முன்பு இலங்கைத் தோட்டங்களுக்குக் கூலிகளாகச் சென்ற நம் மக்களைத் தடுத்து வைத்துச் சோதித்து அனுப்பிய அதே மண்டபம் முகாம். சில வாரங்களுக்குப் பின் பேருந்தில் ஏற்றி வேலூர்ப் பக்கம் அனுப்பப்பட்டார்கள். கடலைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு முதன்முதல் தோல் பதனிடும் வாடை எப்படியிருந்தது என்று கேட்டபோது மட்டும் அவர் சிரித்தார். கருவாட்டு வாடைக்குப் பழகியவர்களுக்கு அது ஒன்றும் பெரிதில்லையாம்.

தீடையில் பிள்ளைகள் பிடித்த படங்கள் என் கைப்பேசியில் இருந்தன. ஒவ்வொன்றாகக் காட்டினேன். நீரில் அமர்ந்திருக்கும் பெண்களின் படத்தை நெடுநேரம் பார்த்தார். நீர் வற்றமா, ஏற்றமா என்று கேட்டார்; காற்று எந்தப் பக்கம் என்று கேட்டார். ஈர மணலின் கோட்டைப் பெரிதாக்கிக் காட்டச் சொல்லி, வற்றம் தொடங்கிவிட்டது என்று தாமே விடை சொல்லிக்கொண்டார்.

பிறகு, அரிச்சல்முனையில் நின்றால் இரவில் தலைமன்னாரின் வெளிச்சம் தெரிகிறதா என்று கேட்டார். பொழுது சாயுமுன்பே காவலர் எல்லோரையும் அங்கிருந்து திருப்பி அனுப்பிவிடுகிறார்கள் என்று சொன்னேன்.